நெடுஞ்சாலையில் வண்டி நின்றால்: அடுத்த ஊர் வரை போய்ச் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து டர்பன் பக்கத்து ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் நான்தான் வண்டி ஓட்டுகிறேன். போக சுமார் 600 கிலோமீட்டர், வர அதே அளவு. கூட வருகிறவர்களின் வண்டிகளும் சேர்ந்தால் நாலைந்து ஆகிவிடும். எல்லாம் பழைய வண்டிகள். ஏதாவது ஒன்று வழியில் நிற்காத ஆண்டு குறைவு.

நான் மெக்கானிக் இல்லை. சாலையோரத்தில் செய்கிற வேலையும் முழுப் பழுதுபார்ப்பு இல்லை. வண்டியை அடுத்த பெட்ரோல் கராஜ் வரையோ, பட்டறை இருக்கிற அடுத்த ஊர் வரையோ கொண்டு சேர்த்தால் போதும். இளைஞர்கள் தடுமாறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவிட்டேன். கருவி தெரியாமல் தடுமாறுகிறவர்கள் சிலர்தான். மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்து மாட்டிக்கொள்கிறவர்களே அதிகம். ஆகவே கீழே உள்ளதை எண் வரிசைப்படியே படியுங்கள்.

1. கிளம்புவதற்கு முந்தைய நாள்

முதலில் ஸ்டெப்னியைத் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, காற்றை அளக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் டிக்கிக்குள்ளேயே கிடந்த டயரில் காற்று இருக்காது. சக்கரத் திருட்டுக்குப் பயந்து பூட்டு நட்டு போட்டிருப்பீர்கள்; அதன் சாவி வண்டியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, பாதி வழியில் ஹாரிஸ்மித் ஊரில் நின்றுகொண்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு, வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஜாக்கி எந்த இடத்தில் உட்கார வேண்டும், நட்டு எவ்வளவு இறுக்கம், உங்கள் கைக்கு அது அசைகிறதா என்பதெல்லாம் வெளிச்சத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை. டயர்க் கடைக்காரர் இயந்திரத்தால் இறுக்கிய நட்டு, வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனருக்கு அசையாது. அதன் கைப்பிடியில் செருகுகிற அளவில் ஓர் அரை மீட்டர் இரும்புக் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பழைய பால் பெட்டியில் எடுத்துப் போகிறவை: ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், இரண்டு முக்கோணப் பலகைகள், மின்னும் மேல்சட்டை, தலையில் மாட்டும் விளக்கு, ஜம்பர் கேபிள், டயருக்குப் பிளக் போடும் பெட்டி, பன்னிரண்டு வோல்ட் காற்றுப் பம்பு, மூன்று அளவு ஹோஸ் கிளிப், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் நாடா, பியூஸ்கள், குறடு, ஸ்குரூ டிரைவர், 10 முதல் 19 வரை ஸ்பேனர்கள், கத்தி, கேபிள் டை, ஒரு கட்டிச் சோப்பு, இரண்டு பகுதிகளாக வரும் எபாக்சி புட்டி. இந்த நாட்டில் பிராட்லி என்று கேட்டால் ஹார்ட்வேர் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க ஒரு பலகைத் துண்டும் வேண்டும்.

கட்டுக்கம்பி ஒரு சுருள் கட்டாயம். பண்ணைக்காரர்களின் கடைகளில் ப்ளோட்ராட் என்று விற்கிற வெற்றுக் கம்பி அதற்குப் போதும். கொண்டுவர மறந்துவிட்டால், வேலியில் இருப்பதை வெட்டாதீர்கள். மாடு சாலைக்கு வந்துவிடும்.

2. எங்கே நிறுத்துவது

புதியவர்கள் விளக்கு எரிந்தவுடனே, சத்தம் கேட்டவுடனே, அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். வான் ரீனன் மலைப்பாதையின் வளைவில் மூடுபனியில் நிற்கிற வண்டிக்குப் பின்னால் சரக்கு லாரி வந்துகொண்டிருக்கும். காற்று இறங்கிய டயரோடு ஒரு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் டயர் கெடும், ரிம்கூடக் கெடலாம். போகட்டும். தட்டையான, நேரான, தூரத்திலிருந்தே பிறர் கண்ணில் படுகிற இடம் வரை போங்கள். டோல் கேட்டோ பெட்ரோல் கராஜோ எட்டும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு மூன்று விலக்குகள் உண்டு. ஆயில் அழுத்த விளக்கு எரிந்தாலும், வெப்ப முள் சிவப்புக்குப் போனாலும், பெட்ரோல் வாடை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் கோட்டுக்கு இடப்புறம் ஒதுங்கி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

நின்றவுடன் நான்கு விளக்குகளையும் சிமிட்ட விடுங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவால் இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நிற்கட்டும். குளிர்கிறது என்று பாட்டி உள்ளேயே இருப்பேன் என்பார்; போர்வையோடு இறக்குங்கள். முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 45 மீட்டருக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது சாலை விதி. நிதானமாக நடந்தால் அறுபது எட்டு. பலர் ஐந்து எட்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு அது வண்டியை இடித்த பிறகுதான் தெரியும்.

அடுத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சாலையோரத்தில் சின்ன நீலப் பலகைகளில் சாலையின் எண்ணும் கிலோமீட்டரும் எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டால் உதவிக்கு அழைக்கும்போது 'ஏதோ ஒரு பாலம் தாண்டி' என்று உளற வேண்டாம். நாங்கள் போகிற ஜோகன்னஸ்பர்க்–டர்பன் நெடுஞ்சாலையான என்3-இன் டோல் பகுதிக்கு 0800 63 4357 என்ற இலவச எண் இருக்கிறது. கைப்பேசியிலிருந்து அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 10111.

இருட்டில், ஆளில்லாத இடத்தில், தனியாக இருந்தால் பழுதுபார்க்க உட்காராதீர்கள். அழைத்துவிட்டுக் காத்திருங்கள். நின்று உதவ வருகிற பக்கிக்காரர்களில் (பிக்கப் வண்டிக்காரர்களில்) பெரும்பாலோர் நல்லவர்கள்தான், ஆனாலும் யாரோ ஒருவர் வீட்டாரோடு தொலைபேசியில் தொடர்பிலேயே இருக்கட்டும்.

3. பத்து நிமிடம் கை வைக்காதீர்கள்

பானெட்டைத் திறந்ததும் எதையாவது இழுத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள், மோந்து பாருங்கள், குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள். தொட்டுக் கலைத்துவிட்டால் எது தானாக விட்டுப்போனது, எது நீங்கள் கழற்றியது என்று தெரியாமல் போகும்.

ஒழுகுவதன் நிறம் பாதி விடையைச் சொல்லிவிடும். நிறமில்லாத, வாசனையில்லாத தண்ணீர் முன்பக்கத்தின் அடியில் சொட்டினால் அது ஏசியிலிருந்து வருகிற நீர், விட்டுவிடுங்கள். இதைப் பார்த்து இழுவை வண்டியை வரவழைத்துப் பணம் கொடுத்தவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. பச்சையோ இளஞ்சிவப்போ ஆக, விரலில் வழவழவென்று, இனிப்பு வாடையோடு இருந்தால் ரேடியேட்டர் நீர். கறுப்போ பழுப்போ என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் தானியங்கி கியர்பெட்டி அல்லது ஸ்டியரிங் எண்ணெயாக இருக்கலாம். சக்கரத்துக்கு உட்பக்கம் எது கசிந்தாலும் பிரேக் எண்ணெய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சேலையோ துப்பட்டாவோ போட்டிருந்தால் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போதே ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். என் தலைப்பின் ஓரத்தை அது ஒருமுறை கடித்துவிட்டது. அந்தக் கிழிசலை இன்னும் தைக்கவில்லை.

4. வண்டி சூடேறினால்

பெரிய வெள்ளி நெரிசலில் அதிகம் நடப்பது இதுதான். அதிகமாகக் கெடுத்துக்கொள்வதும் இதில்தான்.

முள் ஏறுகிறது, இன்னும் சிவப்பைத் தொடவில்லை என்றால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். உள்ளே வேகும், ஆனால் ஒதுங்குவதற்கு இடம் கிடைக்கும் வரை இன்ஜினைக் காப்பாற்றும்.

நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி இறுகியிருப்பதால்தான் உள்ளே அழுத்தம் ஏறி, 110 டிகிரியிலும் அது நீராகவே இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அது கொதித்துப் பொங்கி, ஆவியும் வெந்நீருமாக முகத்தில் அடிக்கும். அரை மணி முதல் முக்கால் மணி வரை பொறுங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. தளர்ந்து அமுங்கினால் துணியைப் போர்த்தி, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு எடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கசிவைத் தேடுங்கள். பெரும்பாலும் ஹோஸின் முனையில், கிளிப்புக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கேதான் ரப்பர் வெந்து வெடிக்கிறது. முனை கிழிந்திருந்தால் நாடா சுற்ற வேண்டாம். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவி, கிழிந்த இரண்டு சென்டிமீட்டரை நேராக வெட்டி, மிச்சத்தை மறுபடி செருகி இறுக்குங்கள். நீளம் எட்டினால் இது ஊர் போய்ச் சேரும் வரை நிற்கும்.

ஹோஸின் நடுவில் வெடிப்பு என்றால் சிலிக்கோன் நாடா. வான் ரீனனுக்கு இந்தப் பக்கம், விடியற்காலை நாலு மணிக்கு, என் தம்பி மகன் ஒரு முழு உருளையை ஈரமான ஹோஸின் மேல் சுற்றி வீணடித்தான். நாடா தன்மேல்தான் ஒட்டும். எண்ணெயும் ஈரமும் இருந்தால் அடியில் நீர் ஊர்ந்து வந்துவிடும். சோப்பு நீரால் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, வெடிப்புக்கு இருபுறமும் நான்கு விரல் தள்ளித் தொடங்க வேண்டும். நாடாவை அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துக்கொண்டே, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி சுற்றுங்கள். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. மூன்று அடுக்குகள். அதன் மேல் இரண்டு முனைகளிலும் கிளிப், ரொம்ப இறுக்காமல்.

அன்றைக்குத் தண்ணீர் ஊற்றப் பாத்திரம் இல்லை. பால்குடத்துக்குக் கொண்டுவந்த பித்தளைச் செம்பை அவன் கேட்டான். "அம்மனுக்கு எடுத்துப் போகிற செம்பில் வண்டித் தண்ணீரா? போடா!" என்று அத்தை அதை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். தேநீர்க் குடுவையின் மூடியால் ஐந்து லிட்டரையும் ஊற்றி முடித்தோம். அன்றிலிருந்து என் பெட்டியில் ஒரு புனலும் இருக்கிறது.

தண்ணீரைச் சூடான இன்ஜினில் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். சிலிண்டர் ஹெட் வெடித்துவிடும் அல்லது வளைந்துவிடும். கை வைத்தால் தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகு மெதுவாக ஊற்றி, மூடி திறந்திருக்கும்போதே இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைச் சூட்டில் வையுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும், மட்டம் இறங்கும், மேலும் ஊற்றுங்கள். இதைச் செய்யாமல் மூடிவிட்டால் பத்து கிலோமீட்டரில் முள் மறுபடி ஏறும். நாடா தோற்றுவிட்டது என்று நினைப்பீர்கள், காரணம் காற்றாக இருக்கும்.

கட்டுப் போட்ட ஹோஸில் அழுத்தம் ஏறாமல் இருக்க, மூடியை முதல் படியோடு நிறுத்தி அரைகுறையாக மூடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு படி உள்ள பழைய மூடிகளில் இது நடக்கும். டர்பன் பக்கம் கைகொடுக்கும் இந்த உத்தி, ஜோகன்னஸ்பர்க் இருக்கிற ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் காலை வாரிவிடும். அழுத்தமில்லாத தண்ணீர் இங்கே 94 டிகிரியில் கொதிக்கிறது, இன்ஜின் ஓடும் சூடே அதை ஒட்டித்தான் இருக்கிறது. கடற்கரைக்கு இறங்கும்போது மெதுவாகப் போனால் சமாளிக்கலாம். திரும்பி வரும்போது வான் ரீனன் ஏற்றத்தில் அப்படிச் செய்தால் உச்சிக்கு முன்பே கொதித்துவிடும். திருகு மூடி போட்ட புதிய வண்டிகளில் இதை முயலவே வேண்டாம்.

கசிவே இல்லை, நெரிசலில் நின்றால் மட்டும் சூடேறுகிறது என்றால் விசிறியைப் பாருங்கள். முதலில் அதன் பியூஸ், பிறகு அதற்கு மின்சாரம் விடுகிற ரிலே என்னும் சின்னப் பெட்டி. பல வண்டிகளில் ஹூட்டரின் (ஹார்னின்) ரிலேயும் விசிறியின் ரிலேயும் ஒரே எண் கொண்டவை. இடம் மாற்றிப் போடுங்கள், ஹூட்டர் இல்லாமல் ஊருக்குப் போகலாம். அதுவும் சரிவராவிட்டால், நெரிசல் குறையும் வரை காத்திருந்து சீராக 80-இல் ஓட்டுங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே விசிறி.

பெல்ட் அறுந்தால் பழைய சேலைக் கரையைக் கட்டி ஓட்டிய கதைகளை எல்லோரும் சொல்வார்கள். இப்போதைய அகலமான ஒற்றைப் பெல்ட் நாலைந்து சக்கரங்களைச் சுற்றிப் போகிறது. துணி அதில் நிற்காது. அந்தப் பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது என்றால், அறுந்த பிறகு வண்டியை நகர்த்தக் கூடாது.

5. டயர்

ஆணி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், அடைப்பானும் அதுதான். காற்று மெதுவாக இறங்கினால் பம்பால் நிரப்பிக்கொண்டு கராஜ் வரை போகலாம். பிளக் போடுவது தரையைத் தொடும் பகுதிக்கு மட்டும். பக்கச் சுவரில் வெட்டோ புடைப்போ இருந்தால் ஸ்டெப்னிதான்.

கழற்றும் வரிசை: கைப்பிரேக், கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு இருபுறமும் கல். பிறகு, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும், நீங்கள் இழுக்கும் இழுப்பில் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். நழுவினாலும் அதன்மேல் விழும்.

நட்டெல்லாம் எடுத்த பிறகும் சக்கரம் வரவில்லை என்றால் துரு பிடித்து ஒட்டியிருக்கிறது. அடியில் புகுந்து உதைக்காதீர்கள். நட்டுகளைத் தளர்வாகத் திரும்பப் போட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் ஓரடி நகர்த்துங்கள். விட்டுவிடும்.

மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளாக இறுக்குங்கள். மெல்லிய தற்காலிகச் சக்கரம் என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதன் மேலேயே எழுதியிருக்கும்.

6. மின்சாரம் நின்றால்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் அதன் முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுதான் நோய். பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கத்தியால் சுரண்டி, இறுக்குங்கள். பிடி தேய்ந்து இறுகவே மாட்டேன் என்றால், குளிர்பான டப்பாவிலிருந்து ஒரு கீற்று வெட்டி, சுரண்டிவிட்டு இடையில் செருகி இறுக்கலாம்.

ஜம்பர் கேபிள் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் கூட்டல் முனைக்கு, பிறகு நல்ல பேட்டரியின் கூட்டல் முனைக்கு. கறுப்பு நல்ல பேட்டரியின் கழித்தல் முனைக்கு, கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புக்கு. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது, அதனால்தான் தள்ளிப் போய்க் கொடுக்கிறோம். எடுப்பது தலைகீழ் வரிசையில்.

பியூஸ் போனால் அதே எண் உள்ளதை ரேடியோவிலிருந்து கடன் வாங்குங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டால் வண்டி ஓடும். அடுத்த முறை போவது பியூஸ் இல்லை, வண்டியின் மின்கம்பிகள் முழுவதும்.

7. கீழே தொங்குவதும் ஒழுகுவதும்

புகைக்குழாய் தொங்கினால் கட்டுக்கம்பி. கேபிள் டை உருகிவிடும். பம்பரும் அடித்தட்டும் தொங்கினால் கேபிள் டை போதும். புகைக்குழாயில் ஓட்டை என்றால் ஆறவிட்டு, குளிர்பான டப்பாவை நீளவாக்கில் வெட்டி விரித்துச் சுற்றி, இரண்டு ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். பிறகு எவ்வளவு குளிரானாலும் சன்னல்களைத் திறந்தே ஓட்டுங்கள். அந்தப் புகைக்கு வாசனை தெரியாமலேயே ஆளைக் கொல்லும் சக்தி உண்டு.

ஆயில் தொட்டியில் கல் பட்டுச் சின்ன வெடிப்பு என்றால் எபாக்சி புட்டி. எண்ணெய்ப் பசை போகச் சோப்பால் கழுவி, கத்தியால் கீறிச் சொரசொரப்பாக்கி, இரண்டு நிறமும் ஒன்றாகும் வரை பிசைந்து அழுத்துங்கள். உறைப் பையில் எழுதியிருக்கிற நேரம் வரை பொறுக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியில் வியர்ப்பது போன்ற கசிவு மட்டும் என்றால் கட்டிச் சோப்பை அழுத்தித் தேய்க்கலாம். பெட்ரோலில் சோப்பு கரையாது, சில மணி நேரம் தாங்கும். சொட்டினால் சோப்பு வேலைக்கு ஆகாது, இன்ஜினைப் போடவே கூடாது.

8. கை வைக்கவே கூடாதவை

பிரேக், ஸ்டியரிங், சூடான இன்ஜின் அருகே பெட்ரோல் கசிவு, ஊற்றிய பிறகும் அணையாத ஆயில் விளக்கு. இவற்றுக்கு வழியில் வைத்தியம் கிடையாது. பிரேக் எண்ணெய்க் குழாயை மடித்துக் கட்டி மூன்று சக்கரப் பிரேக்கில் ஊருக்கு வந்ததாகச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் இறக்கத்தில் அவர்களுக்கு முன்னால் என் வண்டி இருக்க வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள், ஏற்றுவதற்கு முன்பே தொகையையும் எங்கே கொண்டு விடுவார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

9. மறுபடி ஓடத் தொடங்கிய பின்

கிளம்புவதற்கு முன் தரையைப் பாருங்கள். ஸ்பேனர், மூடி, ஜாக்கி, முக்கோணம். முக்கோணத்தை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு இருபதில் ஒருமுறை, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கட்டு ஈரமாக இருக்கிறதா, மட்டம் இறங்கியதா, நட்டு தளர்ந்ததா. சக்கரம் மாற்றியிருந்தால் ஐம்பது கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அதுவரை ஏசி வேண்டாம், 80-க்கு மேல் வேண்டாம், முந்திப் போவதும் வேண்டாம்.

செய்த வேலையை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள்: எந்த ஹோஸ், எந்த ரிலே இடம் மாறியது, வெறும் தண்ணீர் எவ்வளவு ஊற்றினீர்கள். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் சில இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும்; கூலன்ட் கலக்காத தண்ணீர் உறைந்தால் இன்ஜினைப் பிளந்துவிடும். ஏப்ரலில் ஊற்றியதை ஜூனில் யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? மெக்கானிக்கிடம் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். நாடாவை அவர் வெட்டி எடுத்து வீசும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். 'நன்றாகத்தானே இருக்கிறது, ஓடட்டும்' என்று விட்டுவிடுகிற மெக்கானிக்குகளும் உண்டு.